“நல்லா இருக்கு” என்பது போதுமா?



ஒரு காலத்தில் படம் எடுக்க வேண்டுமென்றால் தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு பட்டணத்து ஸ்டூடியோவுக்குப் போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இன்று வீட்டுக்கு வீடு கைப்பேசி. பிள்ளைகள் காலைப் பனியையும் மழை மேகத்தையும் மைனாவையும் எடுத்துத் தள்ளுகிறார்கள். நல்ல பழக்கந்தான். எடுத்த கையோடு ஓடி வந்து, “அம்மா, எப்படி இருக்கு?” என்று நீட்டுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் நமக்குப் பேச்சு வருவதில்லை.

“நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விடுகிறோம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா? இல்லாவிட்டால், “படிக்கிற நேரத்துல இது என்ன வேலை?” என்று ஓர் அதட்டல். இரண்டும் ஒன்றுதான். இரண்டிலும் நாம் படத்தைப் பார்க்கவே இல்லை. பிள்ளைக்கு அது தெரிந்துவிடும். நாலு தடவை இப்படி ஆனால், அப்புறம் நம்மிடம் காட்டவே மாட்டான்.

செனாய்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் உங்கள் மகள் அந்தி நேரத்தில் ஒரு கூகையைப் படம் பிடித்து வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எலியைப் பிடிப்பதற்காகக் கம்பத்தில் பெட்டி கட்டி, கூகையைக் குடி வைப்பது நம் நாட்டுத் தோட்டங்களில் பல ஆண்டு வழக்கம். அந்தப் பெட்டி வாசலில் வெள்ளை முகத்தோடு அது உட்கார்ந்திருக்கிறது. பாட்டி பார்த்தால், “ஐயையோ, ஆந்தையவா எடுத்தே? வீட்டுக்கு ஆகாதே!” என்பார். மாமா, “அந்தப் பெட்டி அசிங்கமா இருக்கு, வெட்டிடு” என்பார். அண்ணனோ, “இன்னும் கிட்டப் போயிருக்கணும்” என்பான்.

மூன்று பேரும் கருத்துச் சொல்லிவிட்டார்கள். ஆனால், “நீ எதைக் காட்ட நினைச்சே?” என்று ஒருவராவது கேட்டாரா? கூகையின் முகத்தைக் காட்டத்தான் எடுத்தாள் என்றால் மாமா சொல்வதில் பொருள் உண்டு. அது நம் தோட்டத்தில், நாம் கட்டிய பெட்டியில் குடித்தனம் நடத்துவதைக் காட்ட எடுத்தாள் என்றால்? பெட்டியை வெட்டினால் படத்தின் உயிரே போய்விடும். ஆகவே முதலில் கேள்வி, பிறகுதான் தீர்ப்பு.

இதில் ஒரு வேடிக்கை. இயற்கைப் படப் போட்டிகளுக்கென்று உலக அளவில் ஒரு விதி உண்டு. பிரிட்டனின் அரச புகைப்படக் கழகமும் வேறு இரண்டு பெரிய அமைப்புகளும் 2014-இல் பேசி ஒத்துக்கொண்டது. படத்தில் மனிதன் செய்த பொருள் தெரியக்கூடாது. பயிரிட்ட செடி, வீட்டு விலங்கு ஆகாது. எடுத்த பிறகு எதையும் சேர்க்கவும் கூடாது, அழிக்கவும் கூடாது. இத்தனை கண்டிப்பிலும் ஒரு விலக்கு வைத்தார்கள். மனிதன் மாற்றிய இடத்தில் வாழப் பழகிய உயிர் என்றால் மனிதப் பொருள் தெரியலாம். அதற்கு அவர்கள் சொன்ன உதாரணம் என்ன தெரியுமா? இதே கூகைதான்! மாமாவிடம் சொல்லிப் பாருங்கள்.

நம்மவரில் இந்தக் கலைக்குப் பெரிய பெயர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950 முதல் 1996-இல் மறையும் வரை கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதியவர். பல காமிராக்களின் பாகங்களை ஒன்றாகப் பொருத்தித் தாமே ஒரு காமிரா செய்து, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று விளையாட்டாகப் பெயரும் வைத்திருந்தார். பெரும்பாலும் கருப்பு வெள்ளைதான். அதைக் கொண்டே யானைகளை அவை வாழும் காட்டோடு சேர்த்துப் படம் பிடித்தார். “நம்ம போன் மலிவு, அதனாலதான் படம் சரியில்லை” என்று பிள்ளை முகம் சுளித்தால் இவர் கதையைச் சொல்லுங்கள்.

சரி, குறையை எப்படிச் சொல்வது? “என்னமோ குறையுது” என்று சொன்னால் அவன் என்ன செய்வான் பாவம்! விரலை வைத்துக் காட்டுங்கள். “வானம் வெறும் வெள்ளையா இருக்கு. பன்னிரண்டு மணி வெயில்ல எடுத்தியா? காலையில ஏழரைக்கு, வெயில் பக்கவாட்டுல விழும்போது எடுத்துப் பாரு, மரத்துக்கு நிழல் வரும்.” “தரை ஒரு பக்கமா சாயுது.” “குருவி நடுவுல ஒரு புள்ளியா இருக்கு. போன்ல பெரிசாக்காதே, கலங்கிப்போகும். அது வழக்கமா வர்ற இடத்துல முன்னாடியே போய் உட்காரு.” இப்படிச் சொன்னால் மறுநாளே செய்து பார்க்கலாம். ஆனால் ஒரு தடவைக்கு ஒன்று போதும். பத்துக் குறையை ஒரே மூச்சில் கொட்டினால் ஒன்றும் காதில் ஏறாது. படத்தில் எது நன்றாக வந்திருக்கிறதோ அதையும் காரணத்தோடு சொல்லுங்கள்.

அண்ணன் சொன்னானே, கிட்டப் போகச் சொல்லி, அதை மட்டும் நான் ஒப்பமாட்டேன். குஞ்சு இருக்கும் பெட்டியை நெருங்குவது, திறந்து பார்ப்பது, இருட்டில் முகத்துக்கு நேரே விளக்கைப் பாய்ச்சுவது எல்லாம் அந்தப் பறவைக்குத் துன்பம். தாய்ப்பறவை விட்டுப் போய்விட்டால் அந்தப் படம் நமக்கு எதற்கு?

தம்பி தங்கைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. யாராவது குறை சொல்லும்போது, “இல்லே, அன்னிக்கு மழை, கை நடுங்குச்சு” என்று விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். படத்தோடு கூடவே நீங்களும் போய் எல்லாரிடமும் விளக்கம் சொல்ல முடியுமா? பேசாமல் கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு மூன்று பேர் ஒரே இடத்தைக் காட்டினால் அங்கே ஏதோ இருக்கிறது என்று பொருள். ஒருவர் மட்டும் சொன்னால் அது அவருடைய ரசனையாகவும் இருக்கலாம்; நன்றி சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். பாட்டி சொன்னதற்குக் கோபப்படாதீர்கள். அந்தக் கூகை எத்தனை எலியைத் தின்கிறது என்று எடுத்துச் சொல்லுங்கள். அடுத்த படத்தை அவரே கேட்டு வாங்கிப் பார்ப்பார்.

பெரியவர்களே, ஒன்றை மட்டும் அவசரப்பட்டு வெட்டச் சொல்லாதீர்கள். கம்பி, லோரி, குலை ஏற்றும் ஆள், மண் சாலை, லயத்துக் கூரை, இவையெல்லாம் படத்தைக் கெடுப்பதாகத்தான் முதலில் தோன்றும். செனாய் விமான நிலையம் திறந்தது 1974-இல். அன்றைய செனாயை அறிந்தவர்கள் இன்று தொழிற்சாலைகளையும் தாமான்களையும் பார்த்து, பால்மரம் நின்ற இடம் எது என்று தேடவேண்டியிருக்கிறது. அந்த நாளில் எத்தனை குடும்பங்களிடம் அந்த இடத்தின் படம் இருந்தது? கல்யாணப் படம் இருக்கும். தோட்டத்தின் படம் இருக்காது. இன்று உங்கள் மகள் எடுப்பதில் நிற்கும் செம்பனையும் ஒருநாள் விழும். படம் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் பரவாயில்லை, அழிக்கச் சொல்லாதீர்கள். நல்லதாக நாலைந்தைக் கடையில் அச்செடுத்து, பின்பக்கம் இடம், தேதி, எந்த நிரை என்று அவள் கையாலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.