விசா கிடைத்த பிறகு தொடங்கும் தாய்லாந்து

தாய்லாந்தில் சில மாதங்கள் தங்கி வாழ்ந்து பார்ப்பது இன்று தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பத்து இளைஞருக்கும் எட்டுகிற காரியமாகிவிட்டது. 2023 நவம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் தங்க அந்நாடு அனுமதித்தது. 2024 ஜூலையில் அது 60 நாளானது. அதே மாதம் ‘டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா’ அறிமுகமானது. 20 வயது நிரம்பி, 5 லட்சம் பாட் இருப்புக் காட்டி, வெளிநாட்டு நிறுவனத்துக்கு இணையவழியில் வேலை செய்கிற ஒருவர், 5 ஆண்டுகளுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் வந்துபோகலாம். ஒவ்வொரு வருகையிலும் 180 நாள் தங்கலாம். இந்த விதிகள் எப்போது வேண்டுமானாலும் மாறக்கூடியவை; புறப்படும் வாரத்தில் தூதரகத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கதவு அகலத் திறந்திருக்கிறது. உள்ளே போகிறவர்கள் என்ன தெரிந்துகொண்டு போகிறார்கள் என்பதுதான் என் கவலை. எந்தக் கடற்கரை அழகு, எந்தத் தெருவில் அறை மலிவு என்று யூடியூப் காணொளிகள் சொல்லித் தருகின்றன. ஐந்து நாள் சுற்றுலாவுக்கு அது போதும். ஆறு மாதம் வாழ்வதற்கு வேறு அறிவு வேண்டும். அது ஆவணங்களிலும் மருத்துவமனைகளிலும் பருவகாலங்களிலும் இருக்கிறது.

முதலில் ஆவணங்கள். வெளிநாட்டவர் ஒருவர் தங்க வந்தால், வீட்டு உரிமையாளர் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1979ஆம் ஆண்டின் தாய்லாந்துக் குடிவரவுச் சட்டம். அந்தப் படிவத்தின் பெயர் டி.எம்.30. ஹோட்டல்கள் இதைத் தாமாகச் செய்துவிடுகின்றன. தனிவீட்டையோ அடுக்குமாடி வீட்டையோ வாடகைக்கு விடுகிறவர்களில் பலர் செய்வதில்லை. கடமை உரிமையாளருடையது; அவதி குடியிருப்பவருடையது. பிறகு விசா நீட்டிப்புக்கோ வசிப்பிடச் சான்றுக்கோ போய் நிற்கும்போது முதலில் கேட்கப்படுவது இந்தத் தாள்தான். வீடு பேசும்போதே, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, “டி.எம்.30 பதிவு செய்து தருவீர்களா?” என்று கேட்டுவிடுவது நல்லது. மழுப்புகிறவரின் வீடு வேண்டாம்.

தொடர்ந்து 90 நாள் தங்கினால் முகவரியை மறுபடி பதிவு செய்ய வேண்டும். 90ஆம் நாளுக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை அவகாசம்; தவறினால் 2,000 பாட் அபராதம். ஓராண்டு நீட்டிப்பு பெற்றவர், மறுநுழைவு அனுமதி வாங்காமல் ஒரு வாரம் ஊருக்கு வந்து திரும்பினால், பாடுபட்டுப் பெற்ற நீட்டிப்பு அத்தோடு ரத்தாகிவிடும். ஒருமுறைக்கான அனுமதிக்குக் கட்டணம் 1,000 பாட்தான். அனுமதித்த நாளைக் கடந்து தங்கினால் நாளொன்றுக்கு 500 பாட், உச்சபட்சம் 20,000. பணத்தைக் கட்டிவிட்டுப் போய்விடலாம் என்று பலர் அலட்சியமாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். காலம் கடந்து தங்கியவர் காவல்துறையிடம் பிடிபட்டால் 5 ஆண்டுகளுக்கு நாட்டுக்குள் நுழைய முடியாது. ஓராண்டுக்கு மேல் தங்கியிருந்தால் 10 ஆண்டுகள். இதில் அலட்சியத்துக்கு இடமே இல்லை.

தாய்லாந்து மொழி தெரியாததால்தான் பலர் இந்த ஆவண வேலைகளுக்கு முகவர்களிடம் போகிறார்கள். வாடகை ஒப்பந்தமும் மின்கட்டண ரசீதும் தாய் எழுத்தில் இருக்கும். ஆண்டு புத்த சகாப்தத்தில், நம் கணக்கோடு 543 கூட்டி, 2568 என்பதுபோல் இருக்கும். தேதியைத் தவறாகப் படித்துத் தவிப்பவர்கள் உண்டு. ஆனால் தாய் எழுத்து நமக்கு முற்றிலும் அந்நியமல்ல. கெமர் எழுத்து வழியாக, பல்லவ எழுத்திலிருந்து கிளைத்தது அது. உயிர்க்குறி மெய்யெழுத்துக்கு முன்னால் வந்து நிற்கும் வழக்கம் ஐரோப்பியரைத் திணறடிக்கிறது. ‘கெ’யும் ‘கை’யும் எழுதிப் பழகிய நமக்கு அதில் வியப்பில்லை. முதல் மாதத்தில் தினம் அரைமணி நேரம் இதற்கு ஒதுக்குகிறவர், வாடகை ரசீதில் மின்சாரத்துக்கு யூனிட் என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று தானே பார்த்துக்கொள்ளலாம்.

உடல்நலத்துக்கு வருவோம். 2002 முதல் தாய்லாந்து தன் குடிமக்களுக்கு நடத்திவரும் அனைவருக்குமான மருத்துவத் திட்டம் உலகம் பாராட்டுவது. நீண்டகாலம் தங்கும் பயணிக்கு அதில் பங்கில்லை. தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு வாரம் கிடந்தால் சேமிப்பு கரைந்துவிடும். ஆகவே காப்பீடு கட்டாயம். அதிலும் இருசக்கர வாகன விபத்துக்கான பகுதியை வரிவரியாகப் படிக்க வேண்டும். சாலை மரணங்கள் மிகுந்த நாடுகளில் தாய்லாந்தும் ஒன்று. இறப்பவர்களில் பெரும்பான்மையோர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். இங்கே கார் உரிமம் மட்டும் வைத்திருப்பவர் அங்கே ஸ்கூட்டர் ஓட்டி விபத்தில் சிக்கினால், காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்காமல் போகலாம். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியில் இருசக்கர வகை குறிக்கப்பட்டிருக்க வேண்டும். மாதக்கணக்கில் தங்குகிறவர் தாய்லாந்து உரிமமே வாங்கிவிடுவது மேல். அதற்கு வசிப்பிடச் சான்று வேண்டும், அங்கேயும் டி.எம்.30 குறுக்கே வரும்.

டெங்கு நமக்குப் பழகிய நோய் என்பதாலேயே நாம் அசட்டையாக இருக்கிறோம். டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை சென்னையில் வந்து குணமானவரை இன்னொரு வகை பாங்காக்கில் தாக்கினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் மருந்துக்கடையில் ஆஸ்பிரின், இப்யூபுரோஃபென் வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது, இரத்தக்கசிவு மோசமாகும். பாராசிட்டமால் போதும், இரத்தப் பரிசோதனை முக்கியம். நாய் கடித்தால் காத்திருக்கவே கூடாது. அதற்குப் பாங்காக்கில் தாய் செஞ்சிலுவைச் சங்கத்தின் ராணி சவோவபா நினைவு நிறுவனம் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் பாம்புப் பண்ணை பார்க்கப் போகும் இடம் அது. தோலுக்குள் சிறு அளவில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடும் முறைகளில் ஒன்றை உலகுக்குத் தந்ததும் தாய் செஞ்சிலுவைச் சங்கமே. மருத்துவ அவசரத்துக்கு 1669, சுற்றுலாக் காவலுக்கு 1155 என்ற எண்கள் கைபேசியில் இருக்கட்டும்.

பருவம் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சியாங் மாய் நவம்பரில் இதமானது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, காட்டுத்தீயும் பயிர்க்கழிவை எரிக்கும் புகையும் எல்லை தாண்டி வரும் புகையும் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் தேங்கி மூச்சை அடைக்கும். ஆஸ்துமா உள்ளவர் அந்த மாதங்களில் அங்கே வீடு பிடிப்பது தவறு. அரசின் ‘ஏர்4தாய்’ செயலி ஒவ்வொரு ஊரின் காற்றுத் தரத்தையும் காட்டுகிறது. புக்கெட்டில் தென்மேற்குப் பருவமழை; தாய்லாந்து வளைகுடாவிலுள்ள கோ சமுயிக்கு நம்மைப்போலவே ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை.

வரி பற்றியும் ஒரு சொல். ஓர் ஆண்டில் 180 நாள் தங்கினால் அந்நாட்டு வரிக்கணக்கில் நீங்கள் ‘வசிப்பவர்’. 2024 ஜனவரி முதல் ஈட்டும் வெளிநாட்டு வருமானத்தை அங்கே கொண்டுவந்தால் வரி வரம்புக்குள் வரும். தணிக்கையாளரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

இவ்வளவும் வசதியுள்ளவர்களின் கவலை. இதே விமானத்தில் வேறு சிலரும் போகிறார்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்று, மே சோட் எல்லை வழியாக மியான்மரின் மியாவடிப் பகுதிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு. 2022இலேயே இந்திய வெளியுறவுத் துறை எச்சரித்தது. 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்கள் மே சோட்டிலிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களை மீட்டுவந்தன. விசா இல்லாத நுழைவு வேலை செய்வதற்கான அனுமதி அல்ல என்ற ஒரு வரி அவர்களைச் சரியான நேரத்தில் எட்டியிருந்தால், சிலராவது தப்பியிருப்பார்கள்.

அந்த வரியைத் தமிழில் எட்டச் செய்யும் பொறுப்பைத் தமிழ்நாடு அரசு ஏற்க வேண்டும். அயலகத் தமிழர் நலத்துறை, நாட்டுவாரியாக, ஆண்டுதோறும் திருத்தப்படும் சிறு கையேடுகளை வெளியிட்டு, கல்லூரி வேலைவாய்ப்பு மையங்களிலும் சென்னை, திருச்சி விமான நிலையங்களிலும் கிடைக்கச் செய்யலாம். பெருஞ்செலவு பிடிக்கும் வேலையல்ல இது.

கையேடு வரும்வரை இளைஞர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: தாய்லாந்தில் வேலை என்று யாராவது அழைத்தால், அந்த முகவரின் பெயர் மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டிக்கெட் எடுக்காதீர்கள்.