விலாசம் தவறிய கோபம்

அமெரிக்கச் சித்திரக் கதைப் புத்தகம் என்றாலே நம்மில் பலர் முகம் சுளிக்கிறார்கள். குத்து, வெட்டு, பறக்கும் மனிதன், பல்லை இளிக்கும் பூதம், இதிலே படிக்க என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். 1950-களில் பிரிட்டனில் அமெரிக்கப் பயங்கரக் கதைப் புத்தகங்களுக்கு எதிராகக் கிளர்ச்சி நடந்தது. அதில் முன்வரிசையில் நின்றவர்களில் பிரிட்டிஷ் கம்யூனிஸ்டுகளும் உண்டு. 1955-ல் அங்கே தடைச் சட்டமே வந்துவிட்டது. ஆனால் அமெரிக்கச் சித்திரக் கதை செத்தா போயிற்று? இன்று அது உலகம் முழுவதும் சினிமாக் கொட்டகைகளை ஆண்டுகொண்டிருக்கிறது. குப்பை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டுப் போவதால் பிரயோஜனமில்லை. கோடிக்கணக்கான இளைஞர்கள் விழுந்து விழுந்து படிக்கிற ஒரு கதையில், அவர்களுடைய வாழ்க்கையின் ஏதோ ஒரு மூலை தெரியாமலா இருக்கும்?

வெனம் என்ற வில்லனை எடுத்துக்கொள்வோம். வெனம் என்றால் விஷம்.

1984-ல் மார்வல் கம்பெனி தன் 'ஸ்பைடர் மேன்' கதாநாயகனுக்குப் புதிதாக ஒரு கறுப்பு உடையை மாட்டியது. வேற்றுக் கிரகத்தில் கிடைத்த உடை. பிறகுதான் தெரிகிறது, அது உடையே அல்ல, உயிருள்ள ஒரு பிராணி என்று. மனிதன் உடம்பில் ஒட்டிக்கொண்டு அவனை வைத்து வாழ்கிறது. புல்லுருவி என்று சொன்னால் நமக்குச் சட்டென்று விளங்கும். பெரும் சத்தம் அதற்கு ஆகாது. கடைசியில் ஒரு மாதாகோவிலின் மணியோசையில்தான் அது அவனை விட்டுப் பிரிகிறது.

1988 மே மாதம், 'அமேசிங் ஸ்பைடர் மேன்' 300-வது இதழ். எழுதியவர் டேவிட் மிக்கலீனி, வரைந்தவர் டாட் மெக்ஃபார்லேன். இந்த இதழில் அந்தப் பிராணி ஒட்டிக்கொண்ட புதிய ஆள் யார் என்று தெரிகிறது. கொள்ளைக்காரனா? பைத்தியக்கார விஞ்ஞானியா? இல்லை, வேலை போன ஒரு பத்திரிகை நிருபர்!

எட்டி பிராக் என்பது அவன் பெயர். நியூயார்க்கில் 'டெய்லி குளோப்' என்ற பத்திரிகையில் வேலை. நகரத்தில் ஒரு முகமூடிக் கொலைகாரன் திரிகிறான். "அந்தக் கொலைகாரன் நான்தான்" என்று ஒருவன் பிராக்கிடம் வந்து சொல்கிறான். பிராக் அதைத் தொடர்ந்து எழுதுகிறான். கடைசியில் அவன் பெயரையும் வெளியிடுகிறான். பத்திரிகை விற்றுத் தீர்ந்துவிடுகிறது. ஆனால் பெயர் சொல்லப்பட்ட அந்த ஆள், செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளும் மனநோயாளி. உண்மையான கொலைகாரன் ஒரு போலீஸ் துப்பறியும் அதிகாரி! அவனைப் பிடித்துக் கொடுப்பவன் ஸ்பைடர் மேன். ஊரே பிராக்கைப் பார்த்துச் சிரிக்கிறது. வேலை போகிறது. மனைவி பிரிகிறாள். பிழைப்புக்காக மஞ்சள் பத்திரிகைகளுக்கு விஷம் கக்கும் கதைகள் எழுதுகிறான். தன் பெயரையே அவன் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறான். தற்கொலை செய்துகொள்ளும் எண்ணத்தோடு மாதாகோவிலுக்குப் போகிறான். அங்கே இருட்டில் காத்துக்கொண்டிருந்த அந்தப் பிராணி அவன்மேல் படிகிறது.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

ஒருவன் வந்து உளறியதைச் சரிபாராமல் அச்சில் ஏற்றியது யார்? நிருபர் எழுதினான், சரி. ஆசிரியர் மேஜை என்று ஒன்று இருந்ததா இல்லையா? விற்றுத் தீர்ந்த இதழின் காசு யார் பைக்குப் போயிற்று? செய்தி பொய்யானதும் நிருபரைத் தெருவில் தள்ளிவிட்டுப் பத்திரிகை மறுநாளும் வெளிவந்திருக்குமே, அதன் கதவைப் பிராக் தட்டினானா? தட்டவில்லை. அவனுடைய கோபம் முழுவதும் ஸ்பைடர் மேன் ஒருவன்மீதே பாய்கிறது. பொய்யை அச்சடித்தவன்மீது கோபமில்லை, உண்மையை வெளிப்படுத்தியவன்மீது கோபம். வேடிக்கையாக இல்லை?

வேடிக்கையல்ல. இந்தக் கதையில் நமக்கு மிகவும் உண்மையாகப் படுகிற இடமே இதுதான். வேலையிழந்து அவமானப்பட்டு நிற்கிற மனிதனின் கோபம், தானாகச் சரியான விலாசத்துக்குப் போய்ச் சேருவதில்லை. அவன் அப்படித் தனியாக நிற்கும் வேளைக்காக யாரோ காத்திருக்கிறார்கள். 1932 தொடக்கத்தில் ஜெர்மனியில் 60 லட்சம் பேர் வேலையில்லாமல் நின்றார்கள். ஆலைக் கதவை மூடியவன் யார் என்று அவர்கள் கேட்பதற்குள், "உன் எதிரி யூதன்" என்று சொல்ல ஒரு கட்சி தயாராக இருந்தது. சட்டையும் கொடுத்தது, தடியும் கொடுத்தது. பிராக்கின்மேல் படிந்த கறுப்புச் சட்டையும் அந்த வேலையைத்தான் செய்கிறது. அவனுக்குப் பலம் தருகிறது. எதிரியைத் தேர்ந்தெடுப்பதோ பிராணியின் பழைய பகை!

வெனம் பேசும்போது 'நான்' என்று சொல்வதில்லை. ஆங்கிலத்தில் அதற்கு ஒரே ஒரு பன்மைச் சொல்தான். தமிழ் வாசகனுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. நம்மிடம் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. அந்தப் பிராணி உலகத்தைப் பார்த்து மிரட்டும்போது 'நாங்கள்'. பிராக்கின் காதுக்குள் குழையும்போது 'நாம்'. "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று ஆயுத பூஜை அன்று பேசிவிட்டு அடுத்த வாரம் ஆட்குறைப்பு நோட்டீஸ் ஒட்டுகிற நிர்வாகங்களை அறிந்தவர்களுக்கு இந்த 'நாம்' புதிதல்ல.

கதைக்காரர்கள் அதை ஒட்டுண்ணி என்று சொல்ல விரும்புவதில்லை. 'ஸிம்பியோட்' என்கிறார்கள். கூடி வாழும் உயிர் என்று பொருள். 2018-ல் வந்த சினிமாவில் பிராக் அதை ஒட்டுண்ணி என்று சொல்லிவிட, பிராணிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்து மன்னிப்புக் கேட்கச் சொல்கிறது! ஆனால் 1879-ல் இந்தக் கூட்டுவாழ்வுக்கு இலக்கணம் சொன்ன ஜெர்மன் தாவரவியல் அறிஞர் டி பாரி, ஒட்டுண்ணி வாழ்வையும் அதில் ஒரு வகையாகவே சேர்த்திருந்தார். சேர்ந்து வாழ்வது என்பதனால் மட்டும் இருவருக்கும் லாபம் என்று ஆகிவிடாது.

வெனம் நன்றாக விற்றான். விற்கிற வில்லனை எத்தனை நாள் வில்லனாகவே வைத்திருக்க முடியும்? 1993-ல் அவனுக்குத் தனிப் புத்தகம் போட்டார்கள். 'கொலைகாரப் பாதுகாவலன்' என்பதுபோல் பெயர். ஸான்பிரான்சிஸ்கோவில், மண்ணுக்கடியில் புதைந்துபோன பழைய நகரத்தில் வீடற்ற ஜனங்கள் குடியிருக்கிறார்கள். அவர்களை விரட்டிவிட்டுத் தங்கம் தோண்ட வருகிறான் ஒரு தொழிலதிபன். குறுக்கே நிற்கிறான் வெனம். போதாததற்கு, அணுயுத்தம் வந்தால் பணக்காரர்கள் மட்டும் பதுங்கிப் பிழைக்கக் குகை கட்டித் தருகிற 'லைஃப் பவுண்டேஷன்' என்ற நிறுவனமும் வருகிறது. அந்தக் குகைகளுக்குக் காவலாட்கள் வேண்டும் என்று, வெனத்தின் உடலிலிருந்தே குட்டிப் பிராணிகளை உண்டாக்குகிறது. இதை எழுதியவர்களுக்கு உலகம் புரியவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? புரிந்திருக்கிறது. ஆனால் கதையில் அந்த ஏழை ஜனங்களுக்குக் கை கால் கிடையாது. ஒரு பூதம் வந்து காப்பாற்ற வேண்டும்.

30 வருஷம் கழித்து, 2018 சினிமாவில் அந்த விலாசத்தையும் திருத்திவிட்டார்கள். அதிலே பிராக் பொய்யெழுதி வேலை இழக்கவில்லை. லைஃப் பவுண்டேஷன் முதலாளியின் மருந்துப் பரிசோதனையில் ஏழைகள் சாகிறார்களே என்று நேருக்கு நேர் கேட்டதற்காக இழக்கிறான். அந்த முதலாளிக்காக வழக்காடும் நிறுவனத்தில் வேலை பார்த்த அவனுடைய காதலிக்கும் வேலை போகிறது. வீடற்றவர்களைப் பிடித்து வந்து பிராணியைச் செலுத்திப் பார்க்கிறார்கள். பிராக்குக்குத் தெரிந்த ஒரு தெருவோரப் பெண்ணும் அப்படியே சாகிறாள். முதல் பாதி நன்றாகத்தான் இருக்கிறது. பிறகென்ன? அந்த முதலாளிமேலும் ஒரு பிராணி ஏறிக்கொள்கிறது. ராக்கெட்டில் இரண்டு பூதங்களும் கட்டிப் புரள்கின்றன. கெட்டவன் ஒருவன் ஒழிந்தால் காரியம் முடிந்தது என்று விளக்கைப் போட்டுவிடுகிறார்கள். படத்தின் உலக வசூல் 85 கோடி டாலருக்கு மேல்.

கதைக்குள்ளே நடப்பது இது. கதைக்கு வெளியே என்ன நடந்தது?

கறுப்பு உடை என்ற யோசனை கம்பெனியின் மூளையில் உதித்ததல்ல. ஒரு வாசகர் எழுதி அனுப்பியது. 1982-ல் மார்வல் அதை 220 டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டது. அந்த யோசனையை உயிருள்ள பிராணியாக்கி, பிராக்கைக் கண்டுபிடித்து, அந்தப் பல்லையும் நாக்கையும் வரைந்தவை வேறு பல கைகள் என்பது வாஸ்தவம். அவர்களுக்கு மட்டும் சொந்தமா? அதுவும் இல்லை. வெனத்தைப் பெற்றவர் யார் என்று எழுத்தாளர் பக்கமும் ஓவியர் பக்கமும் வாக்குவாதம்கூட வந்தது. பிள்ளையோ இருவர் வீட்டிலும் இல்லை!

அங்கே ஏற்பாடு அப்படி. ஒரு காலத்தில் கூலிக் காசோலையின் பின்பக்கத்திலேயே உரிமையை எழுதி வாங்கிக்கொள்வார்கள். கையெழுத்துப் போட்டால்தான் காசு. 1978-ல் புதிய பதிப்புரிமைச் சட்டம் அமலுக்கு வந்ததும், எழுதுவதும் வரைவதும் 'கூலிக்குச் செய்த வேலை'தான் என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டது மார்வல். அந்த வருஷம் ஓவியர் நீல் ஆடம்ஸ் சித்திரக் கதைத் தொழிலாளர்களுக்கு ஒரு சங்கம் அமைக்க முயன்றார். கூட்டம் நடந்தது, பேச்சு நடந்தது, சங்கம் நிலைக்கவில்லை. வீட்டிலிருந்து தனித்தனியாக வரைந்து கொடுப்பவர்களை ஒன்றுசேர்ப்பது எத்தனை கஷ்டம் என்பது பீடி சுற்றும் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியவர்களுக்குத் தெரியும்.

1989-ல் ரொனால்ட் பெரல்மன் என்ற கோடீஸ்வரர் மார்வலை 8 கோடியே 25 லட்சம் டாலருக்கு வாங்கினார். 1990-ல் மெக்ஃபார்லேன் எழுதி வரைந்த புதிய 'ஸ்பைடர் மேன்' முதல் இதழ் 20 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. கம்பெனி பங்குச் சந்தைக்குப் போயிற்று. 1996-ல் திவால் என்று கோர்ட்டுக்குப் போயிற்று. வரைந்தவர்கள் அங்கேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ! அதற்கு முன்பே, 1992-ல், மெக்ஃபார்லேனும் இன்னும் 6 ஓவியர்களும் வெளியேறி 'இமேஜ்' என்ற சொந்தக் கம்பெனியைத் தொடங்கினார்கள். படைத்தது படைத்தவனுக்கே சொந்தம் என்றார்கள். பிராக்குக்குத் தெரியாத விலாசம் பிராக்கை வரைந்தவருக்குத் தெரிந்திருந்தது! அதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. மெக்ஃபார்லேனின் புத்தகத்துக்கு எழுதிக் கொடுத்த நீல் கெய்மன் என்ற எழுத்தாளர், தான் படைத்த பாத்திரங்களில் தனக்கும் பங்குண்டு என்று அவர்மீதே வழக்குப் போட்டார். 2002-ல் ஜூரிகள் கெய்மன் பக்கம் தீர்ப்பளித்தார்கள். ஓவியரும் எழுத்தாளரும் போக, புத்தகத்தை ஒழுங்குபடுத்தி, அச்சுக்கு அனுப்பி, கணக்குப் பார்த்து, விளம்பரம் எழுதுகிற ஊழியர்களும் இருக்கிறார்கள் அல்லவா? அவர்கள் ஒரு பூதத்துக்காகவும் காத்திருக்கவில்லை. 2021 நவம்பரில், போர்ட்லண்டில் உள்ள அதே இமேஜ் கம்பெனியின் ஊழியர்கள் சங்கம் அமைத்திருப்பதாக அறிவித்தார்கள். நிர்வாகம் தானாக அங்கீகரிக்கவில்லை. வாக்கெடுப்புக்குப் போனார்கள். 2022 ஜனவரியில் சங்கம் வென்றது.