நிற்க அறிந்த பம்பு

1965ஆம் ஆண்டின் ஃபோர்டு மஸ்டாங் காரில் பெட்ரோல் பம்பு இஞ்சினோடு பொருத்தப்பட்டிருந்தது. கேம்ஷாஃப்ட் சுழலும்போது பம்பு இயங்கும்; இஞ்சின் நின்றால் பம்பும் நின்றுவிடும். அதை அகற்றி மின்சாரப் பம்பை வைக்கிறவர்கள், இந்தப் பாதுகாப்பும் அதனோடு போய்விடுவதைச் சிந்திப்பதில்லை. சாவியிலிருந்து நேராக ஒரு கம்பி இழுத்தால் பம்பு ஓடத்தான் செய்யும். ஆனால் விபத்தில் இஞ்சின் நின்று, பெட்ரோல் குழாய் அறுந்துபோனாலும், சாவியை அணைக்கும்வரை அது பெட்ரோலை வெளியே ஊற்றிக்கொண்டே இருக்கும். ஒரு பொறி போதும்.

ஆகையால் வலியுறுத்திச் சொல்லுகிறேன்: பேட்டரிக்கு அருகே ஃபியூஸ் இருக்கட்டும், பம்பின் மின்சாரத்தை ரிலே சுமக்கட்டும், ரிலேயை இயக்கும் கம்பி, மோதலின்போது இணைப்பைத் துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்ச் வழியாகச் செல்லட்டும். ஆயில் அழுத்தம் உள்ளபோது மட்டும் பம்பை இயக்கும் சுவிட்சும் நல்லதே. அதற்கு, ஸ்டார்ட் செய்யும் வேளைக்கென்று தனி இணைப்பு வேண்டும்.

இவற்றை வீண்செலவு என்று எண்ணாதிருங்கள். பம்பை ஓடவைப்பது எளிது. பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் வாகனத்திற்கு, நிற்கவேண்டிய வேளையில் தானாய் நிற்கும் பம்பே தகுதியானது.