செடியைப் பிடுங்கலாமா பாஸ்?

ஏலக்காயையே ஏலம் விடுற ஊரு எங்க போடி. அதனால ஐ.பி.எல். ஏலம் எங்களுக்கு ஈஸியா புரியும். கூடக் காசு கேட்குறவனுக்குச் சரக்கு, மேட்டர் ஓவர். ஆனா, அமெரிக்காவோட என்.பி.ஏ. கூடைப்பந்துல கதையே வேற. இன்னொரு டீமோட கான்ட்ராக்ட்ல இருக்குற ஆள் வேணும்னா, பதிலுக்கு நம்ம ஆளையோ, அடுத்த வருஷங்கள்ல புதுப் பசங்களைத் தேர்ந்தெடுக்குற உரிமையையோ கொடுக்கணும். சுத்தமான பண்டமாற்று! இதுக்குப் பேருதான் ‘ட்ரேட்’.

ரெகுலர் கான்ட்ராக்ட்ல டீமுக்கு 15 பேர்தான். சம்பள வரம்பைத் தாண்டின டீம்னா, போற ஆளோட சம்பளமும் வர்ற ஆளோட சம்பளமும் கிட்டத்தட்ட ஒத்துப் போகணும். ஆக, ஒருத்தரைச் சேர்க்கணும்னா இன்னொருத்தரை விடணும். யாரை விடுறது? மண்டை காயுற இடம் அதுதான்.

2025 பிப்ரவரியில டல்லாஸ் மேவரிக்ஸ் எடுத்த முடிவைப் பாருங்க. லூகா டோன்சிச்சுக்கு அப்போ 25 வயசு. முந்தின சீசன்லதான் டீமை ஃபைனல் வரைக்கும் தூக்கிட்டுப் போயிருந்தார். அவரை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்துட்டு, 31 வயசு ஆன்டனி டேவிஸையும், மேக்ஸ் கிறிஸ்டியையும், 2029-க்கான ஒரு முதல் ரவுண்டு தேர்வு உரிமையையும் வாங்கிட்டாங்க. ‘டிஃபென்ஸ்தான் கப் ஜெயிச்சுக் கொடுக்கும்’னு காரணம் சொன்னார் ஜெனரல் மேனேஜர் நிக்கோ ஹாரிசன்.

எங்க மலையில தோட்டம் வெச்சிருக்குற யாரையும் கேளுங்க, இந்தக் கணக்கு அவங்களுக்கு அத்துப்படி. பழைய ஏலச்செடியைப் பிடுங்கிட்டு ஞள்ளானி கன்னு வெச்சா, மூணாவது வருஷம்தான் நல்லா காய் பார்க்க முடியும். நடுவுல சம்பளம், உரம், மருந்து எல்லாம் கைக்காசு. 2019 ஆகஸ்ட்ல இடுக்கி புத்தடி ஏலத்துல கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போச்சு. அந்த நேரம் பார்த்து செடியைப் பிடுங்கிட்டு உட்கார்ந்திருந்தவர் நிலைமையை நினைச்சுப் பாருங்க! செடியோட வயசு, கையிருப்பு, மழை... மூணையும் பார்த்துட்டுத்தான் மண்வெட்டியில கை வைப்பாங்க.

டல்லாஸ் பண்ணினது இன்னும் வில்லங்கம். பல வருஷம் காய்க்க வேண்டிய செடியைக் கொடுத்துட்டு, இந்த சீசன் காய்க்கு ஆசைப்பட்டது. முதல் மேட்ச்லயே டேவிஸுக்குக் காயம். அடுத்த மாசம் கைரி இர்விங்குக்கு முழங்கால் போச்சு. டீம் ப்ளே ஆஃப்ஸுக்கே போகல. வெறும் 1.8 சதவீத வாய்ப்பு இருந்த குலுக்கல்ல அதிர்ஷ்டம் அடிச்சு, கூப்பர் ஃப்ளாக் கிடைச்சார். ஆனாலும் ரசிகர்கள் ஆறலை. 2025 நவம்பர்ல ஹாரிசன் வேலை காலி.

சரி, நம்ம பக்கம் வருவோம். போடியிலேர்ந்து தேனி வழியா பஸ் ஏறினா பெரியகுளம். அங்க சில்வர் ஜூப்ளி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்துற அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி, மே மாச லீவுல எங்க ஜில்லாவுக்கே திருவிழா. இந்தியன் பேங்க், இந்தியன் ஓவர்சீஸ் பேங்க், ராணுவம், விமானப்படைன்னு வந்து ஆடுற பெரிய டீம் எல்லாமே வேலை கொடுக்குற நிறுவனங்கள். இங்க ட்ரேட் கிடையாது. செலக்‌ஷன் ட்ரையல்தான் எல்லாம். அதுல தேறினா வேலை, பி.எஃப்., வீட்ல நிம்மதி. முழங்கால் போனாலும் சம்பளம் வரும். சும்மா சொல்லக் கூடாது, தோட்டக்கூலி வீட்டுப் பையனுக்கு இது வாழ்க்கையையே மாத்துற விஷயம்.

ஆனா, இதுக்கும் ஒரு விலை இருக்கு. அதே பொசிஷன்ல ரெண்டு சீனியர் இருந்தா, பையன் வருஷக்கணக்கா பெஞ்ச்ல உட்காரணும். பக்கத்து டீம்ல அந்த இடம் காலியா இருந்தாலும், வேலையை விடாம போக முடியாது. ஐரோப்பா ஃபுட்பால்ல ‘லோன்’னு ஒண்ணு இருக்கு. கான்ட்ராக்ட் இங்க, ஆட்டம் ஒரு சீசனுக்கு வேற கிளப்ல. வேலை ஒரு பேங்க்ல இருக்கட்டும், ஒரு சீசன் இன்னொரு டீமுக்கு ஆடட்டுமே! நிறுவனத்துக்கு ஆடி ஆடித் தேறின ஆள் திரும்பக் கிடைப்பான். பையனுக்கு வயசு வீணாகாது.

கடைசியா, காலேஜ் டீம் கேப்டன்களுக்கு ஒரு வார்த்தை. ஜோன் மேட்ச்சுக்கு 12 பேர் லிஸ்ட் எழுதும்போது நீங்களும் ஒரு ஜெனரல் மேனேஜர்தான். ஃபைனல் இயர் அண்ணன் இந்த வருஷத்துக் காய். ஆறடி ரெண்டு அங்குல ஃபர்ஸ்ட் இயர் தம்பி, மூணாவது வருஷத்துக் காய். பன்னிரண்டும் ஃபைனல் இயரா இருந்தா, அடுத்த ஜூன்ல கிரவுண்டு காலி. ரெண்டு இடமாவது கன்னுக்கு ஒதுக்குங்க.

இன்னொண்ணு. டோன்சிச்சுக்கு எல்லாம் முடிஞ்ச பிறகுதான் விஷயமே தெரியும். நீங்க யாரையாவது லிஸ்ட்லேர்ந்து எடுத்தா, நோட்டீஸ் போர்டு பார்த்துத் தெரிஞ்சுக்க விட்டுடாதீங்க. முதல் நாளே கேன்டீனுக்குக் கூட்டிட்டுப் போய், காரணத்தை நேர்ல சொல்லுங்க. டீ காசும் நீங்களே கொடுத்துடுங்க!