நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே

சங்கரன்கோவில் தெருக்களில் இரவு பகலாக விசைத்தறி ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருப்பது யாவருக்கும் தெரிந்த விஷயமே. அந்தச் சத்தத்திற்குள் முப்பது வருஷம் நின்ற மனிதனுக்கு என்ன ஆகிறது என்பதுதான் அநேகருக்குத் தெரியாத, தெரிந்தாலும் பேச விரும்பாத விஷயம். காது மந்தமாகிறது. பஞ்சுத் தூசி நெஞ்சில் தங்கி இருமலாகிறது. கண் மங்கிய பிறகு, அறுந்த இழையைக் கண்டு தறியை நிறுத்துவதற்குள் நாலு விரற்கடை துணி கெட்டுப்போகிறது. கூலியோ நெய்த அளவுக்குத்தான். ஆகவே நாற்பத்தைந்து வயது வாக்கில், யாரும் "போ" என்று சொல்லாமலேயே, அவன் வேலை போய்விடுகிறது.

சில நாட்களுக்கு முன் அப்படிப்பட்ட தோழர் ஒருவர் நம்மிடம் வந்தார். வயது நாற்பத்தெட்டு. ஐந்தாம் வகுப்போடு தறிக்குப் போனவர். இரவுக் காவல் வேலை கேட்டாராம்; "வயதாகிவிட்டதே" என்றார்களாம். முதியோர் பென்ஷன் கேட்டாராம். "இன்னும் வயதாகவில்லையே" என்றார்களாம். "ஐயா, எனக்கு வயதாகிவிட்டதா, ஆகவில்லையா? யாராவது ஒருவர் தீர்மானமாகச் சொன்னால் தேவலை" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் கேள்விக்குச் சர்க்காரின் விதிகளிலேயே பதில் தேடிப் பார்த்தோம். வேலையில்லாதவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கும் திட்டம் ஒன்றைத் தமிழ்நாட்டில் 2006ஆம் வருஷத்தில் ஆரம்பித்தார்கள். அதைப் பெற வேண்டுமானால் வேலைவாய்ப்பு ஆபீசில் பெயர் பதிந்து ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும். வயது நாற்பதைத் தாண்டக்கூடாது; ஆதிதிராவிடருக்கும் பழங்குடியினருக்கும் நாற்பத்தைந்து. பத்தாவது தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், பட்டதாரிக்கு 600 ரூபாய் என்பது விகிதம். அதுவும் மூன்று வருஷத்திற்குத்தான். கணக்குத் தெரிந்தவர்கள் கூட்டிப் பார்க்கட்டும். முப்பத்தாறு வயதில் வேலை இழந்து, அன்றே ஓடிப்போய்ப் பெயர் பதிந்தவனுக்கும் ஐந்து வருஷம் முடிகிறபோது நாற்பத்தொன்று ஆகிவிடும். அதாவது, காத்திருந்து தகுதி வருகிற அன்றே தகுதி போய்விடுகிறது! ஐந்தாவதோடு நின்ற நம் தோழரோ அந்த வாசற்படியையே மிதிக்க முடியாது.

நிற்க, முதியோர் பென்ஷனைப் பார்ப்போம். 1962இல் மாதம் 20 ரூபாயாக ஆரம்பித்த அது 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. நல்ல காரியந்தான். (இந்தியா சர்க்காரின் பங்கு பல வருஷமாக 200 ரூபாயிலேயே நின்ற கதையை வேறொரு சமயம் எழுதுவோம்.) ஆனால் அதற்கு அறுபது வயது ஆகவேண்டும். விசைத்தறித் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தாலும் பென்ஷனுக்கு அதே அறுபதுதான். நாற்பதில் ஒரு கதவு சாத்துகிறது. அறுபதில் இன்னொரு கதவு திறக்கிறது. பெண்ணின் கலியாணமும், பையனின் படிப்பும், வட்டிக்கடனும் வந்து கழுத்தைப் பிடிப்பதெல்லாம் அந்த இருபது வருஷத்தில்தானே?

நூறு நாள் வேலை இருந்ததே என்று சிலர் சமாதானம் சொல்லுவார்கள். 2005ஆம் வருஷத்துச் சட்டம் மேல்வயது வரம்பு வைக்காமல் வேலை கேட்கும் உரிமையைக் கொடுத்தது. எழுபது வயதுக் கிழவியும் கண்மாய்க் கரையில் மண்சட்டி எடுத்ததை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் அது கிராமத்துக்கு மட்டும் செய்த சட்டம். சங்கரன்கோவிலோ முனிசிபாலிட்டி. பக்கத்துக் கிராமத்தானுக்கு இருந்த உரிமை நகர எல்லைக்கல்லைத் தாண்டியதும் மாயமாகிவிட்டது. 2021இல் தமிழ்நாடு சர்க்கார் 100 கோடி ரூபாயில் அறிவித்த நகர்ப்புற வேலைத் திட்டமும் சில ஊர்களில் மாதிரி பார்ப்பதாகவே ஆரம்பித்தது. மலைக்கு அந்தப் புறம் கேரளத்திலோ, அய்யன்காளி பெயராலேயே நகரத்து ஏழைகளுக்கும் வருஷத்தில் 100 நாள் வேலை கொடுக்கும் திட்டத்தை 2010-11 வாக்கிலேயே தொடங்கிவிட்டார்கள்.

தறிக்குச் சர்க்கார் செய்ததைப் பாருங்கள். 2023இல் இரண்டு மாதத்திற்கு 1,000 யூனிட் மின்சாரம் இனாம் என்றார்கள். அதற்கு முன்பே, 2017இல் வந்த பவர்டெக்ஸ் திட்டத்தில், பழைய தறியைப் புதுப்பிக்க மானியம் வைத்தார்கள். வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. இவ்வூரில் இரண்டு தறி வைத்திருப்பவனும் கஷ்டப்படுகிறவன்தான். தறி பழசானால் கவலைப்படுகிற சர்க்கார், தறிக்காரன் பழசானால் ஏன் கவலைப்படக்கூடாது என்றுதான் கேட்கிறோம்.

அமெரிக்காவில் 1967இல் ஒரு சட்டம் செய்தார்கள். வயதைக் காரணம் காட்டி ஒருவனுக்கு வேலை மறுக்கக்கூடாது என்பது அது. அந்தப் பாதுகாப்பு எத்தனை வயதில் ஆரம்பிக்கிறது தெரியுமா? நாற்பதில்! அங்கே சட்டம் கைகொடுக்க வருகிற வயதில் இங்கே சட்டம் கையை உதறிவிட்டுப் போகிறது. நமது அரசியல் சட்டத்தின் 41ஆவது பிரிவும் வேலையில்லாதபோதும் முதுமையிலும் உதவி பெறும் உரிமையைப் பேசத்தான் செய்கிறது. ஆனால் சர்க்காரின் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு என்று ஒரு வால். கோர்ட்டில் கேட்டு வாங்க முடியாது என்று மற்றொரு வால்.

இதற்கெல்லாம் "அவன் தலையெழுத்து" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நம்மூரில் ஏராளம். தலையெழுத்தை எவனும் வாசித்ததில்லை. இந்த நாற்பதும் அறுபதும் கோட்டையிலிருக்கும் மனிதர்கள் காகிதத்தில் எழுதிய எழுத்து. யாரும் வாசிக்கலாம், அடித்துவிட்டு வேறு எழுதவும் செய்யலாம். உதவித்தொகைக்குள்ள வயது வரம்பைப் பென்ஷன் வயது வரை நீட்டட்டும். ஐந்து வருஷக் காத்திருப்பையும் படிப்பு நிபந்தனையையும் எடுத்துவிடட்டும். தறியில் உழைத்தவனுக்குப் பென்ஷன் வயதை ஐம்பத்தைந்தாக்கட்டும். முனிசிபாலிட்டிகளிலும் நூறு நாள் வேலையைச் சட்டமாக்கட்டும். தீப்பெட்டி வாங்கும்போதும் வரி கொடுக்கிறவன் கேட்பதைப் பிச்சை என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை.

நம் தோழர் தற்சமயம் பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். வாரத்தில் மூன்று நாள் கிடைக்கிறதாம். அவருக்கு அறுபது ஆவதற்கு இன்னும் பன்னிரண்டு வருஷம் இருக்கிறது.