நோ காஸ்ட்டாமே... யாருக்கு?

ரெண்டு வாரமா உள்ளுக்குள்ளயே போட்டு அமுக்கி வச்சிருந்தேன். இன்னிக்குக் காலைல பஸ் ஸ்டாப் பக்கத்துல ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தாங்க, அதைப் பார்த்ததும் பொங்கிடுச்சு. 43 இஞ்ச் டிவி, மாசம் "வெறும்" 1,999 ரூபாயாம். மொத்த விலை எவ்வளவுன்னு தேடினேன். எங்கேயும் இல்லை. எத்தனை மாசம்ங்கிறது மட்டும் அடியில எறும்பு சைஸ்ல இருக்கு, அதையும் கம்பத்துக் கயிறு பாதி மறைச்சிருக்கு.

நான் படிக்கிறது பி.காம். பட்ஜெட்னா இந்தப் பக்கம் வரவு, அந்தப் பக்கம் செலவுன்னு முதல் வருஷமே சொல்லிக் கொடுத்துட்டாங்க. ஆனா எங்க வகுப்புலயே ஒருத்தன்கிட்ட "பிஎஸ்5 வாங்கணும்ங்கிறியே மச்சி, பட்ஜெட் என்ன?"ன்னு கேட்டுப் பாருங்க. "மாசம் மூவாயிரம் வரைக்கும் ஓகே"ம்பான். டேய், அது பட்ஜெட் இல்லடா. உன் கழுத்துக்கு எவ்வளவு நீளக் கயிறு தேவைன்னு நீயே அளவு கொடுக்கிற!

இப்படிச் சொன்னா "பெருசுங்க மாதிரி பேசாத"ன்னு என்னையே ஓட்டுறாங்க. அதனால ஒரு கதை சொல்றேன். பேர் சொல்ல மாட்டேன், அவனே படிப்பான், கேட்டுட்டுத்தான் எழுதுறேன்.

என் நண்பன் ஒருத்தன் போன வருஷம் மார்ச்சுல ஒரு டிவியும் ஒரு கேம் கன்சோலும் சேர்த்து 60,000 ரூபாய்க்கு எடுத்தான். பன்னிரண்டு தவணை, மாசம் 5,000, "நோ காஸ்ட்". அவனுக்கு சம்பளம் கிடையாது, அதனால லோன் அவங்க அம்மா பேர்ல. அம்மா ஒரு கம்பெனி கேன்டீன்ல வேலை பார்க்கிறாங்க. பார்ட் டைம்ல சம்பாதிச்சு மாசாமாசம் கொடுத்துடறேன்னு இவன் சத்தியம் பண்ணான், கொடுக்கவும் செஞ்சான். நியாயமான பையன். தப்பு எங்க நடந்துச்சுன்னா, தவணை அக்கவுண்ட்ல இருந்து எடுக்கிற தேதி 5. அம்மாவுக்கு சம்பளம் ஏறுற தேதி 7, சில மாசம் 10. இவனுக்குக் காசு கைக்கு வர்றதும் 10-க்கு மேலதான். ஏப்ரல்ல எப்படியோ தாண்டிடுச்சு. மே, ஜூன், ஜூலை மூணு மாசமும் பவுன்ஸ். ஒவ்வொரு பவுன்ஸுக்கும் லோன் கொடுத்தவன் ஒரு ஐந்நூறு சொச்சம், பேங்க் ஒரு ஐந்நூறு சொச்சம். மூணு தடவைக்குக் கணக்குப் போட்டா 3,300 கிட்ட வருது. பணம் கட்ட மனசில்லாம இல்லை, அஞ்சு நாள் லேட். அவ்வளவுதான்.

இதோட போயிருந்தா நான் எழுதியிருக்கவே மாட்டேன். ஆகஸ்ட்டுல அவன் தங்கச்சிக்கு காலேஜ் சீட் கிடைச்சுது. கல்விக் கடனுக்குப் போனாங்க. நாலு லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் வேண்டாம்தான், ஆனா அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடனாளியா கையெழுத்துப் போடணும். அப்பா இல்லை. அம்மாவோட சிபில் எடுத்துப் பார்த்தா மூணு மாசம் வரிசையா லேட் பேமெண்ட். 300-ல இருந்து 900 வரைக்கும் போற அந்த நம்பர் எங்க நின்னுச்சோ, அந்த அதிகாரி முகம் மாறிடுச்சு. கடைசில ஊர்ல இருந்து பெரியப்பா வந்து கையெழுத்துப் போட்டதால தப்பிச்சாங்க. பெரியப்பா இல்லாத வீடு என்ன பண்ணும்?

சரி, அந்த "நோ காஸ்ட்"டுக்கு வருவோம். பேனா பேப்பர் எடுங்க.

12 மாசம், மாசம் 5,000. கடன் கொடுக்கிறவன் வருஷத்துக்கு 15% வட்டி எதிர்பார்க்கிறான்னு வச்சுக்கோங்க. அந்தப் பன்னிரண்டு தவணையோட இன்னிக்கு மதிப்பு 55,397 ரூபாய் (ரெண்டாவது வருஷம் நமக்கு நடத்தினாங்களே பிரசன்ட் வேல்யூ, அதேதான். நாம தூங்கிட்டு இருந்தோம்). அதாவது கடன் கொடுக்கிறவன் கடைக்காரனுக்குக் கொடுக்கிறது 55,397. உங்ககிட்ட வாங்கிக்கிறது 60,000. நடுவுல இருக்கிற 4,603 ரூபாய்தான் வட்டி. அதைக் கடைக்காரனோ கம்பெனியோ "நாங்க ஏத்துக்கிறோம்"னு சொல்றதுதான் நோ காஸ்ட். ரொம்ப நல்லவங்க! ஆனா 55,397-க்கு அந்தப் பொருளை விக்க அவங்களுக்குக் கட்டுப்படி ஆகுதுன்னு அவங்களே ஒத்துக்கிட்ட மாதிரிதானே? அப்போ ரொக்கமா கொண்டு போறவனுக்கு அந்த விலைக்கு ஏன் தரலை? கேட்டா தருவாங்க சார். சில இடத்துல தருவாங்க. நாம கேட்கிறதே இல்லை.

கிரெடிட் கார்டுல போட்டா இன்னும் கூத்து. அந்த 4,603 மேல 18% ஜிஎஸ்டி, 829 ரூபாய், உங்க தலையில. ப்ராசஸிங் கட்டணம் தனி, அதுக்கும் ஜிஎஸ்டி தனி.

இதை நான் மட்டும் சொல்லலை. பூஜ்யம் சதவீத வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாது, வட்டியை ப்ராசஸிங் கட்டணத்துல ஒளிச்சு வச்சு வாங்குறீங்கன்னு 2013 செப்டம்பர்லயே ரிசர்வ் வங்கி பேங்குகளுக்கு சுற்றறிக்கை அனுப்பிடுச்சு. "ஜீரோ பர்சன்ட்" போர்டு கொஞ்ச நாள்ல இறங்குச்சு. "நோ காஸ்ட்" போர்டு ஏறுச்சு. பெயிண்டருக்குத்தான் லாபம். 2024 அக்டோபர் 1-ல இருந்து எந்தச் சில்லறைக் கடனா இருந்தாலும் மொத்தச் செலவையும் வருஷ சதவீதத்துல போட்டு ஒரு தாள் கொடுத்தே ஆகணும். கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்னு பேரு. அம்மா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அதை வாங்கிப் படிச்சியாடான்னு கேட்டேன். "ஓடிபி கேட்டாங்க, சொன்னேன்"ங்கிறான்.

இப்போ எதிர்க்கட்சி. எங்க வகுப்புலயே நல்லாப் பேசுற ஒருத்தன் இருக்கான். அவன் கேட்டான்: "கையில மொத்தமா அறுபதாயிரம் வச்சிருக்கிறவன் ஏன்டா பட்ஜெட் பத்திப் பேசப் போறான்? தவணை இல்லைன்னா எங்க வீட்டுல ஃப்ரிட்ஜும் இல்லை, வாஷிங் மெஷினும் இல்லை, என் லேப்டாப்பும் இல்லை. காசு சேர்த்து வாங்குங்கிறது பணக்காரன் அட்வைஸ்."

இதுக்கு என்கிட்ட முழுசா பதில் இல்லை. அவன் சொல்றதுல பாதி உண்மை. ஃப்ரிட்ஜ் கெட்டுப் போனா ஆறு மாசம் காத்திருக்க முடியாது. அதுக்குக் கடன் வாங்குறது தப்புன்னு நான் சொல்லலை. ஆனா கன்சோல் காத்திருக்கும். அது மட்டுமில்லை, காத்திருந்தா விலை இறங்கவும் செய்யும். 32 இஞ்சுக்கு மேல உள்ள டிவிக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22-ல 28-ல இருந்து 18 ஆச்சு. (விலை 10% குறையும்னு எல்லாரும் குதிச்சாங்க. 118-ஐ 128-ஆல வகுத்துப் பாருங்க, 7.8% தான் குறையணும்.) நம்மாளு மார்ச்சுல வாங்கினவன், பழைய வரிக்குத் தவணை கட்டிட்டு இருந்தான்.

இன்னொரு கோஷ்டி இருக்கு. "சோத்துக்கே வழியில்லை, கேம் எதுக்கு?" இவங்க மேலதான் எனக்கு ரொம்பக் கோவம். 2006-ல திமுக ஆட்சி 14 இஞ்ச் கலர் டிவி இலவசமா கொடுத்தப்பவும் இதே பாட்டுதான். செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள்ல ஆரம்பிச்சாங்க. கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 2013 ஜூலைல வந்த தீர்ப்பு, தேர்தல் அறிக்கைல அப்படி வாக்குறுதி கொடுக்கிறது ஊழல் நடவடிக்கை ஆகாதுன்னு சொல்லிடுச்சு. அரசாங்கக் கஜானாவுக்கு அது சரியா தப்பான்னு நான் சண்டைக்கு வரலை. ஆனா எங்க வீட்டுக்கு வந்த அந்தப் பெட்டிலதான் நான் முதல் கேம் ஆடினேன். மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரைச் சொருகி, இருநூறு ரூபாய் டிவி கேம், கேசட்ல "9999 கேம்"னு போட்டிருக்கும், உள்ள ஒரு முப்பதுதான் இருக்கும், மீதி எல்லாம் அதுவே திரும்பத் திரும்ப. தெருவுல மழைத் தண்ணி நின்னு ஸ்கூல் லீவு விட்ட நாள்ல ஒத்தை ரூம்ல ஆறு பசங்க வரிசை போட்டு ஆடினோம். அந்த சந்தோஷம் ஆடம்பரம்னா எனக்கு அந்த ஆடம்பரம் வேணும். என் சண்டை கேமோட இல்லை. கேமை வச்சு கடன் விக்கிறவனோட.

அப்போ என்னதான்டா வாங்கச் சொல்றேன்னு கேட்கிறீங்க. பெட்டி மேல எழுதியிருக்கிறதை நம்பாம வாங்குங்க, அதுக்கே பாதிக் காசு மிஞ்சும்.

ஹோம் தியேட்டர் டப்பாவுல "5000 வாட்ஸ் பிஎம்பிஓ"ன்னு போட்டிருப்பான். டப்பாவைத் திருப்பி அடாப்டரைப் பாருங்க. 12 வோல்ட், 2 ஆம்ப்னு இருக்கும். பெருக்கினா 24 வாட்ஸ். உள்ள போறதே 24 வாட்ஸ்னா வெளிய 5000 எங்கருந்து வரும், மாங்காடு அம்மன் அருளா? கேட்க வேண்டிய நம்பர் ஆர்எம்எஸ். 32 இஞ்ச் டிவி மேல "4கே சப்போர்ட்"னு ஸ்டிக்கர் இருந்தாலும் இதே கதைதான். பேனல் அனேகமா 1366-க்கு 768. சப்போர்ட்னா உள்ள வாங்கிக்கும், காட்டாது.

கன்சோல்ல ஒரு பெரிய ஏமாத்து. பிஎஸ்5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரில வந்தப்போ டிஸ்க் போடறது 49,990, டிஸ்க் இல்லாத டிஜிட்டல் 39,990. பத்தாயிரம் மிச்சம்னு எல்லாரும் டிஜிட்டலைப் பார்த்தாங்க. சோனியோட பெரிய கேம் ஒண்ணு புதுசு 4,999. டிஸ்க்னா முடிச்சுட்டு வித்துடலாம், நண்பன்கிட்ட மாத்திக்கலாம், பழசா வாங்கலாம். டிஜிட்டல்னா அவன் சொன்னதுதான் விலை, விக்கவே முடியாது. ரெண்டு மூணு கேம்லயே அந்தப் பத்தாயிரம் காலி. விலை குறைஞ்சது மெஷினுக்கு, கூடினது உங்க ஆயுசு முழுக்க.

என் வழி ரிச்சி ஸ்ட்ரீட். வடபழனி வரைக்கும் பஸ், அங்கருந்து மெட்ரோ, சென்ட்ரல்ல மாறி கவர்ன்மென்ட் எஸ்டேட்ல இறங்கி நடை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல ஆதரவை நிறுத்திடுச்சு. விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறைல இருந்துதான் முறைப்படி அனுமதி. அதனால ஆபீஸ்ல ஓடின பழைய மெஷினை எல்லாம் கம்பெனிங்க கழிச்சுக் கட்டுறாங்க. டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர்னு அடுக்கி வச்சிருப்பாங்க. எட்டாம் தலைமுறை ஐ5 ஒண்ணு எடுத்து, தனி பவர் வயர் கேட்காத ஜிடிஎக்ஸ் 1650 மாதிரி ஒரு குட்டி கார்டு போட்டா (குட்டி கேபினட்னா லோ ப்ரொஃபைல் கார்டான்னு பார்த்து வாங்குங்க) வேலோரன்ட், ஜிடிஏ 5 எல்லாம் நல்லாவே ஓடும். அதுலயே டேலியும் ஓடும் என்பதை வீட்டுல சொல்லிக்கலாம் :-) ராம் மட்டும் மெஷினோடயே கேட்டு வாங்குங்க. 2025 கடைசில ஏஐ சர்வர்களுக்குன்னு எல்லா மெமரியும் போக ஆரம்பிச்சு விலை தாறுமாறா ஏறிடுச்சு.

அங்கயும் ஏமாத்து இருக்கு, நான் யோக்கியன் மாதிரி பேசலை. 2022 செப்டம்பர்ல ஈத்தீரியம் மைனிங்குக்கு கிராபிக்ஸ் கார்டே வேண்டாம்னு ஆனதும் ராப்பகலா ஓடித் தேய்ஞ்ச கார்டெல்லாம் சந்தைக்கு வந்துச்சு. நான் ஒண்ணு 6,500-க்கு எடுத்தேன். பில் இல்லை, "ஒரு மாசம் வாரண்டி தம்பி"ங்கிற வாய்ச்சொல் மட்டும். நாலாவது மாசம் செத்துப் போச்சு. அப்பாகிட்ட சொல்லவே இல்லை, இன்னிக்குத்தான் இதைப் படிச்சு தெரிஞ்சுக்கப் போறார். ஆனா அந்த நஷ்டம் 6,500-ஓட முடிஞ்சுது. அடுத்த மாசம் அஞ்சாம் தேதி யாரும் அம்மா அக்கவுண்ட்டைத் தட்டலை. கடையிலயே ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்காம, சூடும் சத்தமும் பார்க்காம இப்போ எதையும் வாங்குறதில்லை. கடைக்கார அண்ணன் முறைப்பார். முறைக்கட்டும்.

நண்பனைப் பத்திக் கேட்பீங்க. அம்மாவோட தவணைத் தேதியை மாத்தித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்தாங்க, மாத்தலை. அதுக்கப்புறம் மாசாமாசம் ஒண்ணாந்தேதியே யாருகிட்டயாவது கைமாத்து வாங்கி அக்கவுண்ட்ல போட்டு வச்சிடறாங்க. கன்சோலைப் போன மாசம் குன்றத்தூர்ல ஒரு பையன் ரெண்டு கன்ட்ரோலரோட சேர்த்து வாங்கிட்டுப் போயிட்டான். கடைசித் தவணை இன்னும் பாக்கி இருக்கு.