பியானோ, பிரஷர் மாத்திரை இல்லை!

1/ போன வாரம் ஒருத்தர் வந்தார். அம்பது வயசு தாண்டினவர், அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் வேலை. தலைவலின்னு வந்தவருக்கு பிபி 186/112. "மாத்திரை போடறீங்களா?"ன்னு கேட்டேன். "நிறுத்தி மூணு வாரம் ஆச்சு சார். இப்போ பியானோ கேக்கறேன்."

2/ போனை நீட்டினார். குடும்ப வாட்ஸப் குரூப்ல வந்த வீடியோ. தினமும் அரை மணி நேரம் கேட்டா பிபி ஓடிடுமாம், மாத்திரையே வேணாமாம். எனக்குக் கோபம். அதுல ஓடினது எனக்கு ரொம்பப் பிடிச்ச இசைங்கறதால டபுள் கோபம்.

3/ அது எஸ்டோனியா நாட்டு ஆர்வோ பேர்ட் 1976-ல் எழுதின 'ஃப்யூர் அலீனா'. 'அலீனாவுக்காக'ன்னு அர்த்தம். ரெண்டே பக்கம். தாளக்கட்டு கிடையாது. வலது கை மெட்டு வாசிக்கும். இடது கை ஒரு இடம் தவிர மூணே சுரங்களுக்குள்ள சுத்தும்.

4/ முதல்ல அடிச்ச கீழ்ச்சுரம், பெடல் மிதிச்சே இருக்கறதால தம்புரா மாதிரி அடியில நிக்கும். வரிக்கு வரி ஒரு சுரம் கூடி, நடுவுல பெருத்து, மறுபடி குறையும். நம்ம மிருதங்க யதியேதான்! "ரெண்டு கட்டையைத் தட்டறதெல்லாம் இசையா?"ன்னு கேக்கறவங்க ஒருதடவை பொறுமையா கேளுங்க.

5/ சரி, இசை பிபியைக் குறைக்காதா? 2006-ல் இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி குழு 24 பேருக்கு 6 வகை இசையைப் போட்டுப் பார்த்தது. இந்திய ராகமும் அதுல உண்டு. வேகமான இசைக்கு பிபி ஏறுச்சு. நடுவுல விட்ட 2 நிமிட மௌனத்துல, ஆரம்ப அளவுக்கும் கீழே இறங்குச்சு.

6/ நல்லா கவனிங்க. 24 பேர், சில நிமிடங்கள். அது ஆய்வு, வைத்தியம் இல்லை. பிபி உங்க ரத்தக்குழாயை ராத்திரி மூணு மணிக்கும் இடிக்கும். அம்லோடிபின் மாத்திரை ஒண்ணு போட்டா நாள் முழுக்க வேலை செய்யும். பியானோ, போனை அணைச்சதும் முடிஞ்சது.

7/ "பாட்டுக்கு சைட் எஃபெக்ட் இல்லையே டாக்டர்?" இருக்கு. மாத்திரையை நிறுத்த வச்சதுதான் சைட் எஃபெக்ட். நாளைக்கு இவருக்குப் பக்கவாதம் வந்தா, ஃபார்வர்ட் பண்ணின சித்தப்பா 108-ல கூட ஏறுவாரா? கிட்னி போனா டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போவாரா?

8/ இசைக்கும் இது அவமானம். தூர தேசம் போயிட்ட ஒரு பொண்ணை நினைச்சு எழுதினதை, 'பிபி குறைக்கும் சவுண்ட்'னு லேபிள் ஒட்டி விக்கறது என்ன ரசனை? நல்ல இசை நல்லா இருக்க, அது மருந்தாவும் இருக்கணும்னு என்ன கட்டாயம்?

9/ காசு இல்லைன்னு நிறுத்தாதீங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல மாத்திரை இலவசம். 2021-ல் இருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல வீட்டுக்கே வருது.

10/ அவர் மாத்திரையை மறுபடி ஆரம்பிச்சுட்டார். கிளம்பும்போது, "அப்போ பாட்டையும் நிறுத்திடணுமா சார்?"ன்னார். "ஐயோ வேணாம், அது நல்ல பாட்டு. மாத்திரையைப் போட்டுட்டுக் கேளுங்க. முடிஞ்சதும் ரெண்டு நிமிஷம் சும்மா உக்காருங்க"ன்னேன். எம்.டி.எச். ரோட்டு ஹாரன் விட்டா, உங்களுக்கும் அதேதான் சொல்றேன்.